பெரியாஸ்பத்திரியை ஆர் கட்டினது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்

ஆஸ்பத்திரி வீதியான் எழுதியது:

செவ்வாய்க்கிழமை அம்மாவை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இலக்கம் எடுத்துவிட்டு வாங்கில் இருந்தோம். பக்கத்தில் ஒரு பெடியன், ஒன்பது பத்து வயது இருக்கும், தன் அம்மம்மாவிடம் "இந்த ஆஸ்பத்திரியை ஆர் கட்டினது?" என்று கேட்டான். அவ "வெள்ளைக்காரன்" என்றா. முன் வாங்கிலிருந்த ஐயா திரும்பி "இல்லைப் பிள்ளை, கவர்ண்மெண்ட்" என்றார். அதற்குள் அவர்களின் இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவன் விடை தெரியாமலே எழும்பிப் போனான். அது எனக்கு மனதில் கிடந்து உழன்றுகொண்டே இருக்கிறது.

அந்த இரண்டு விடையும் முழுச் சரியில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

பேர்சிவல் அக்லண்ட் டைக் என்று ஒரு அரசாங்க அதிபர் இருந்தார். 1829இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தவர், 1867இல் பதவியில் இருக்கும்போதே இறந்தார். அவர் முன்னின்று 1850இல் தொடங்கியதுதான் இன்றைய யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் மூலம். ஆனால் அது அரசாங்க ஆஸ்பத்திரியாகத் தொடங்கவில்லை. 'பிறென்ட் இன் நீட் சொசையிற்றி' என்ற தருமச் சங்கத்தின் பெயரில் தொடங்கியது. இடர் வந்த நேரம் உதவும் நண்பர் சங்கம் என்று சொல்லலாம். சந்தா, நன்கொடை, அரசாங்கம் கொடுத்த உதவிப்பணம், இவற்றில்தான் ஓடியது. அரசாங்கம் அதைப் பொறுப்பெடுத்து சிவில் ஆஸ்பத்திரி ஆக்கியது 1907இல். அப்படியென்றால் முதல் 57 வருடம் அது ஒரு சங்கத்தின் ஆஸ்பத்திரி. ஊரில் வசதியுள்ளவன் கொடுத்த காசில் வசதியில்லாதவன் படுத்துச் சுகப்பட்ட இடம்.

அதன் பிறகு பொது வைத்தியசாலை ஆனது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியபோது போதனா வைத்தியசாலை ஆனது. இன்று 1,200க்கு மேற்பட்ட கட்டில்கள். ஆனாலும் சனத்தின் வாயில் அன்றும் இன்றும் 'பெரியாஸ்பத்திரி'தான்.

இவ்வளவுதான் என்னிடம் உள்ளது. கட்டடத்தின் கதையை விட, அதை நடத்தி வந்த ஆட்களின் கதைதான் எனக்கு வேண்டும். உங்கள் வீட்டில் யாராவது அங்கே வேலை செய்தார்களா, அங்கே பிறந்தார்களா, எதையாவது கொடுத்தார்களா, எழுதுங்கள்.

மானிப்பாய் மேற்கு எழுதியது:

அண்ணை, நல்ல இழை. ஆனால் 1850இல் தொடங்கினால் கதையின் தலை போய்விடும். தலை பண்டத்தரிப்பில் இருக்கிறது, நெஞ்சு மானிப்பாயில் இருக்கிறது.

அமெரிக்காவிலிருந்து வெளிநாடு போன முதல் மருத்துவ மிஷனரி ஜோன் ஸ்கடர். அவர் 1820இல் பண்டத்தரிப்பில் இருந்து வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். (இன்று எங்கள் சனம் வருத்தம் முற்றினால் கடல் கடந்து வேலூருக்கு ஓடுகிறதே, அந்த வேலூர் ஆஸ்பத்திரியை நிறுவிய ஐடா ஸ்கடர் இவருடைய பேத்தி. வேலூருக்குப் போகிற வழியின் ஒரு முனை பண்டத்தரிப்பில் இருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.) அதே 1820இல் தேசாதிபதி பார்ன்ஸ், இனிப் புதிதாக அமெரிக்க மிஷனரிமார் வரக்கூடாது என்று தடுத்துவிட்டார். 1833இல்தான் அந்தத் தடை நீங்கியது. அந்த வருடம்தான் அடுத்த வைத்தியர் நேதன் வார்ட் வந்தார்.

அப்புறம் 1847இல் சமுவேல் பிஸ்க் கிறீன். மசச்சூசெற்ஸ்காரர், வரும்போது வயது 25. முதலில் வட்டுக்கோட்டை, அடுத்த வருடம் மானிப்பாய். அங்கே ஆஸ்பத்திரியோடு ஒரு மருத்துவப் பள்ளியும் வைத்தார். கொழும்பு மருத்துவப் பள்ளி தொடங்கியது 1870இல். மானிப்பாயில் அதற்கு 20 வருடத்துக்கு மேல் முந்தியே பெடியங்கள் எலும்பின் பெயர் பாடமாக்கிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அவரில் பெரிய மதிப்பு வந்தது அவர் எடுத்த ஒரு முடிவால். முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். படித்து முடித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போய்விட்டார்கள். கிராமத்தில் வருத்தக்காரன் அப்படியே கிடந்தான். ஆகவே 1860களில் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். தமிழில் படித்தவன் தன் ஊரில் இருப்பான் என்பது அவருடைய கணக்கு. மொத்தம் 60க்கு மேற்பட்டவர்களை வைத்தியராக்கினார், அதில் ஏறக்குறைய பாதிப்பேர் தமிழிலேயே படித்தவர்கள்.

தமிழில் படிப்பிக்கப் புத்தகம் வேண்டுமே. அவரும் அவருடைய மாணவர்களும் இருந்து மொழிபெயர்த்தார்கள். இரண வைத்தியம் 1867இல், வைத்தியாகரம் 1872இல், கெமிஸ்தம் 1875இல். உடலின் அமைப்பைச் சொல்வது 'அங்காதிபாதம்', உடல் எப்படி இயங்குகிறது என்பது 'சுகரணவாதம்', நோய் வராமல் காப்பது 'உற்பாலனம்'. நாங்கள் இன்று உடற்கூற்றியல், உடற்றொழிலியல் என்று எழுதுகிறோம். கிறீன் சொல் எடுத்த முறை இது: தமிழில் சொல் இருந்தால் அதை எடுப்பது, இல்லாவிட்டால் வடமொழிக்குப் போவது, அதிலும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் வாயில் வருகிற மாதிரி எழுதுவது. கெமிஸ்ற்றியைச் சொல்கிற 'கெமிஸ்தம்' அப்படி வந்த சொல்.

1873இல் ஊருக்குத் திரும்பியவர் அங்கே இருந்தும் 1884இல் சாகும்வரை தமிழ்ப் புத்தக வேலையை விடவில்லை. தமிழருக்கான மருத்துவ ஊழியன் என்று தன் கல்லறையில் எழுதச் சொன்னார். அப்படியே எழுதியிருக்கிறது.

கோப்பாய்த் தோட்டம் எழுதியது:

கிறீன் வந்துதான் யாழ்ப்பாணத்துக்கு வைத்தியம் வந்தது என்ற மாதிரி எழுதவேண்டாம். செகராசசேகரம், பரராசசேகரம் என்று அரசர் காலத்திலேயே வைத்திய நூல்கள் இருந்த ஊர் இது. ஒவ்வொரு குறிச்சியிலும் ஒரு பரியாரி இருந்தார். எங்கள் அப்புவின் அப்பு முறிவு தறிவுக்கு எண்ணெய் காய்ச்சியவர். காசு கேட்கமாட்டார், வெற்றிலையில் வைத்ததை எடுப்பார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மிஷன் டிஸ்பென்சரிகளில் மருந்துக்கு முன்னால் பிரசங்கம் இருந்தது. என் பூட்டியை ஒரு இடத்தில் (எந்த இடம் என்பது இப்போது வேண்டாம்) காய்ச்சலோடு ஒரு மணித்தியாலம் வேதம் கேட்க வைத்துவிட்டுத்தான் போத்தலில் மருந்து ஊற்றினார்களாம். அவ அதைச் சாகும்வரை மறக்கவில்லை. நாவலர் காலத்துச் சனத்துக்கு இது சின்ன விசயமில்லை. மருந்துக்காகப் பொட்டை அழிக்கவேண்டி வருமோ என்று பயந்த வீடுகள் இருந்தன.

மானிப்பாய் மேற்கு எழுதியது:

உங்கள் பூட்டியின் கோபம் நியாயம். மதம் மாற்றத்தான் அவர்கள் கப்பல் ஏறினார்கள். அதை அவர்களே ஒளிக்கவில்லை, நாங்கள் ஏன் ஒளிக்கவேண்டும்.

ஆனால் ஒரு விசயம் யோசித்துப் பாருங்கள். கிறீனும் ஆறுமுக நாவலரும் பிறந்தது ஒரே வருடம், 1822. ஒருவர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் போட்டுச் சைவத்தைத் தமிழில் அச்சடிக்கிறார். மற்றவர் ஐந்து மைல் தள்ளி மானிப்பாயில் இருந்து சத்திரசிகிச்சையைத் தமிழில் எழுதுகிறார். மதத்தில் நேர் எதிர் ஆட்கள். ஆனால் படிக்கிறவனுக்கு அவனுடைய மொழியில் கொடுக்கவேண்டும் என்பதில் இருவரும் ஒரே கட்சி. கிறீன் மதம் மாறிய மாணவர்களிடம் கூட, சட்டை தொப்பி போட்டு அமெரிக்கன் மாதிரி வராதே, தமிழனாகவே இரு என்றுதான் சொன்னார். அதனால் அவரை இந்த ஊரின் கணக்கில் வைக்கலாம் என்பது என் எண்ணம்.

பரியாரிமாரைப் பற்றிச் சொன்னதும் சரி. நான் தொடங்கின விதம் பிழை. 'மேலைநாட்டு வைத்தியத்தின் தலை' என்று எழுதியிருக்கவேண்டும்.

கோப்பாய்த் தோட்டம் எழுதியது:

சரி, அப்படியென்றால் எனக்குச் சம்மதம். நாவலர் 1877இல் பஞ்சம் வந்த நேரம் கஞ்சித்தொட்டி வைத்ததையும் இந்தக் கதையில் சேர்க்கவேண்டும். வயிற்றில் ஒன்றுமில்லாத உடம்பில் எந்த மருந்தும் பிடிக்காது. அதுவும் வைத்தியம்தான்.

கரையூர் லோகன் எழுதியது:

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை ஏசும்போது ஆச்சிமார் "கோதாரி விழுவான்" என்பார்கள். வாயில் சாதாரணமாக வருகிற சொல். கோதாரி என்றால் வாந்திபேதி. அந்தக் காலத்தில் அது ஏச்சு இல்லை, சாபம்.

1866, 67இல் யாழ்ப்பாணத்தில் வந்த கோதாரி மிகப் பெரியது. எங்கள் மண்ணின் அமைப்பைப் பாருங்கள். வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே நிற்கிற தண்ணீர்தான் எல்லாருக்கும் குடிநீர். மேலே விழுகிற அழுக்கு கல்லின் வெடிப்பால் இறங்கிக் கிணற்றுக்குப் போய்விடும். ஒரு கிணற்றில் விழுந்தால் ஒழுங்கை முழுக்கப் போகும். அந்த நேரம் நோய் எதனால் வருகிறது என்றே வைத்தியருக்கும் நிச்சயமாகத் தெரியாது. கிருமியைக் கொக் கண்டு சொன்னது 1884இல். சேலைன் ஏற்றுவது இல்லை. அப்படி இருந்தும் கிறீனிடம் படித்த பெடியங்கள் ஊர் ஊராகப் போனார்கள் என்றால், என்ன நெஞ்சு இருந்திருக்கவேண்டும். எதனால் சாகிறோம் என்று தெரியாமல் அந்த வீட்டுக்குள் போவது லேசான காரியமில்லை.

நான் கரையூரில் பிறந்தவன். எங்கள் குறிச்சியில் கிணறு கிட்டக்கிட்ட. கொதித்தாறிய தண்ணீர்தான் குடிக்கவேண்டும் என்று அம்மம்மா எங்களை அடித்துப் பழக்கினா. ஏன் என்று அவவுக்குத் தெரியாது. அவவின் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

இணுவில் பிறப்பு, ஸ்காபரோ இருப்பு எழுதியது:

எல்லாரும் ஆண்பிள்ளைகளின் கதையாகவே எழுதுகிறீர்கள். பெண்டுகள் எங்கே போய்ப் பிள்ளை பெற்றார்கள்?

இணுவிலில் மக்லியொட் ஆஸ்பத்திரி. 1898இல் திறந்தது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்றே கட்டினது. மேரி லீச், மார்கரெட் லீச் என்று மிஷனில் இருந்த இரண்டு சகோதரிகள் கடல் கடந்து போய்ப் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். ஸ்கொட்லாந்திலிருந்து வந்த டொக்டர் இசபெல்லா கேர் அங்கே நீண்ட காலம் பார்த்தார். ஆண் டொக்டரிடம் காட்டமாட்டோம் என்று வீட்டுக்குள்ளேயே பிள்ளைப்பேற்றில் செத்த பெண்டுகள் எத்தனை பேர். ஒரு பெண் டொக்டர் இருக்கிறா என்றவுடன்தான் அந்தப் படலைகள் திறந்தன. மானிப்பாயிலும் 1890களில் டொக்டர் ஸ்கொட்டும் அவருடைய மனைவி டொக்டர் மேரி ஸ்கொட்டும் சேர்ந்து வேலை செய்தார்கள். அங்கேயும் அப்படித்தான் பெண்டுகள் வந்தார்கள்.

எங்கள் அம்மம்மா, அம்மா, நான், மூன்று தலைமுறையும் இணுவில் ஆஸ்பத்திரியில் பிறந்தோம். அம்மம்மாவின் தாயை வண்டிலில் வைக்கோல் பரப்பிக் கொண்டுபோனார்களாம். மாமியார்க்காரி விருப்பமில்லாமல் படலையில் நின்று அழுதாவாம், இனி இந்த வீட்டுப் பிள்ளை சபைப் பிள்ளையாகிவிடும் என்று. பிள்ளை பிறந்தது, முப்பத்தொன்று கழிந்தது, கோயிலுக்கும் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு அதே மாமியார்தான் அயல் பெண்டுகளையெல்லாம் "இணுவிலுக்குப் போ" என்று கலைத்தாவாம்.

இன்னொன்றும் எழுதுகிறேன், எங்கள் வீட்டுப் பிழைதான். அந்த அம்மம்மாவின் தாய் ஆஸ்பத்திரியில் கிடந்த நாள் முழுக்க வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் போனது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவ எந்தச் சாதி என்று தெரியாதாம், அதனால் பொதுப் பானையில் குடிக்கக்கூடாதாம். மருந்து மட்டும் ஒரே போத்தலில் இருந்து இருவருக்கும் வந்தது. வாட்டு என்பது யாழ்ப்பாணத்தில் முதன்முதலாக எல்லாரையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்த இடம் என்று நான் நினைக்கிறேன். அதை ஏற்றுக்கொள்ள எங்களுக்கு எத்தனை காலம் எடுத்தது என்பதையும் எழுதவேண்டும்.

மூளாய்க் காற்று எழுதியது:

கேள்வி 'ஊர் ஆஸ்பத்திரி' பற்றியென்றால் எங்கள் மூளாய் கூட்டுறவு வைத்தியசாலையை விட்டுவிட்டு எப்படி? 1930களில் தொடங்கினது. மிஷனும் இல்லை, அரசாங்கமும் இல்லை. சங்கம் வைத்து, அங்கத்தவராகச் சேர்ந்து, ஊர்ச்சனமே தனக்கு ஒரு ஆஸ்பத்திரி வைத்துக்கொண்டது. சங்கக்கடை வைப்பது போல.

வலிகாமம் மேற்கில் இருந்து பட்டணத்துக்கு அந்தக் காலத்தில் மாட்டு வண்டிலில் போய்ச் சேர எத்தனை நேரம் என்று யோசியுங்கள். இரவில் பாம்பு கடித்தால் விடியுமட்டும் இருக்க முடியுமா? அந்தத் தூரம்தான் எங்கள் ஆஸ்பத்திரியைக் கட்டினது.

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

ஆஸ்பத்திரி வீதியான் தம்பி, ஆட்களின் கதை வேண்டும் என்றீர்கள். நான் பெரியாஸ்பத்திரியில் பயிற்சி எடுத்து, அங்கேயே வேலை செய்து ஓய்வு பெற்றவ. 1990இலிருந்து 95 வரை உள்ளதை மட்டும் எழுதுகிறேன்.

1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எரிபொருள், பற்றரி, இன்னும் எத்தனையோ சாமான் தடை. சண்டை நடக்கிற பட்டணத்தின் நடுவில் ஆஸ்பத்திரி. அந்த வருடம் நவம்பரில் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் இரண்டு பக்கத்தோடும் பேசி ஆஸ்பத்திரியையும் சுற்றாடலையும் பாதுகாப்பு வலயமாக்கியது. கூரையில் பெரிய சிவப்புச் சிலுவை. ஆயுதத்தோடு யாரும் உள்ளே வரக்கூடாது. அந்தச் சிலுவையை நம்பித்தான் நாங்கள் இரவு டியூட்டிக்குச் சைக்கிள் மிதித்தோம்.

ஜெனரேட்டர் ஓடுகிறது என்றால் அது தியேட்டருக்கு. வாட்டுக்கு இருட்டு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டு எரிக்கிற விளக்கு, வீடுகளில் பிள்ளைகள் படித்த அதே விளக்கு, எங்கள் மேசையிலும் இருந்தது. அந்த வெளிச்சத்தில் ஊசி குத்த நரம்பு தேடியிருக்கிறேன். கண்ணால் தேட முடியாது, விரலால் தடவித்தான் பிடிக்கவேண்டும். இன்றும் எனக்கு வெளிச்சத்தை விட விரலில் நம்பிக்கை அதிகம்.

நோயாளியைக் கொண்டுவந்தது அம்புலன்ஸ் என்று நினைக்காதீர்கள். சைக்கிள் கரியரில் ஒரு ஆள் பின்னால் இருந்து பிடித்துக்கொள்ள, முன்னால் ஒருவர் உழக்குவார். தெல்லிப்பழைப் பக்கமிருந்து அப்படி வந்த கர்ப்பிணிப் பெண் ஒருத்தியை நான் படியில் வைத்தே ஏந்தினேன். பிள்ளைக்கு இப்போது முப்பது கடந்திருக்கும்.

சவர்க்காரம் கிடையாது. பனங்களியில் தோய்த்த யூனிபோர்ம் முழு வெள்ளையாக வராது, இலேசான மஞ்சள் நிற்கும். மேற்றன் அதற்கு ஒருநாளும் ஒருவரையும் பேசவில்லை. இரத்தம் வேண்டும் என்றால் பல்கலைக்கழகத்துக்கு ஆள் அனுப்புவோம். அரை மணித்தியாலத்தில் படலையில் இருபது சைக்கிள் நிற்கும்.

95 ஒக்டோபர் 30. ஊர் முழுக்க ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தால் போனது. நோயாளரை விட்டுவிட்டு எங்கே போவது? கட்டிலில் இருந்தவர்களையும் கொண்டுபோகக்கூடிய சாமான்களையும் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் மாற்றினோம். சாவகச்சேரியிலும் மந்திகையிலும் வேலை நடந்தது. மந்திகையில் நான் நின்ற வாட்டில் இரண்டு கட்டிலுக்கு நடுவில் பாய் விரித்து மூன்றாவது ஆள். அடுத்த வருடம் சனம் திரும்பியபோது நாங்களும் திரும்பி வந்து, முதல் வேலையாக நிலம் கழுவினோம்.

87ஐப் பற்றி நான் எழுதமாட்டேன். அப்போது நான் அங்கே இல்லை. இருந்தவர்களோடு பிறகு வேலை செய்தேன். அவர்கள் கதைக்காததை நான் எழுதுவது முறையில்லை.

ஆஸ்பத்திரி வீதியான் எழுதியது:

அக்கா, இதை வாசித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதவில்லை. நன்றி.

87ஐ இங்கே விடவும் முடியாது. எல்லாருக்கும் தெரிந்த அளவில் மட்டும் நான் எழுதுகிறேன். 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். இந்திய அமைதிப்படை ஆஸ்பத்திரிக்குள் வந்து சுட்டது. அடுத்த நாள் வரை அது முடியவில்லை. நோயாளரும் வேலை செய்தவர்களுமாக 60க்கும் 70க்கும் இடையில் செத்தார்கள். வேலை செய்தவர்கள் 21 பேர். அதில் மூன்று பேர் டொக்டர்மார், தாதியரும் சிற்றூழியரும் மற்றவர்கள். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் ஆஸ்பத்திரிக்குள் அவர்களின் படங்களை வைத்து விளக்கேற்றுகிறார்கள்.

சிறுவயதில் எனக்கு அந்தப் படங்கள் வெறும் படங்கள்தான். இப்போது அம்மாவோடு அந்த வழியால் போகும்போது ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். கீழே தொழில் எழுதியிருக்கிறது. ஓடியிருக்கலாம் என்ற ஆட்கள். வாட்டில் ஆள் கிடந்தபடியால் நின்றவர்கள். அந்தப் பெடியனின் கேள்விக்கு என்னிடம் உள்ள விடைகளில் இவர்களும் ஒரு விடை.

கால்நடை எழுதியது:

வணக்கம். நான் இங்கே பெரும்பாலும் வாசிப்பதோடு சரி. ஆனால் முதல் பதிவில் அந்தச் சங்கத்தின் பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

1850இல் ஆஸ்பத்திரி தொடங்கிய அதே பிறென்ட் இன் நீட் சொசையிற்றியின் பெயரில்தான் யாழ்ப்பாணத்தில் 1980களின் கடைசியில் ஜெய்ப்பூர் கால் செய்கிற நிலையமும் தொடங்கியது. என் வலது கால் முழங்காலுக்குக் கீழே அங்கே செய்தது. மிதிவெடி. அதைப் பற்றி இதற்கு மேல் வேண்டாம்.

ஜெய்ப்பூர் கால் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: இந்தியாவில் ஜெய்ப்பூரில் 1960களின் கடைசியில் வடிவமைத்தது. பாதம் றப்பரில். சப்பாத்து வேண்டாம், வெறும் காலாக நடக்கலாம். சப்பாணி கட்டி இருக்கலாம், குந்தலாம், சேற்றில் இறங்கலாம், கோயிலில் பிரதட்டை வருபவனோடு சேர்ந்து நடக்கலாம். வெள்ளைக்காரன் நாட்டுச் செயற்கைக் கால் கதிரையில் இருந்து எழும்பிச் சப்பாத்தோடு நடக்கிறவனுக்குச் செய்தது. எங்கள் வாழ்க்கை நிலத்தில் நடக்கிறது.

உள்ளே போனால் அளவெடுக்கிறவர்களில் சிலர் தாங்களும் கால் இழந்தவர்கள். முதல் நாள் எனக்குக் கால் பொருத்தியவர் தன் காற்சட்டையைத் தூக்கித் தன் காலைக் காட்டினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் எழும்பி நின்றேன்.

சுழிபுரம் எழுதியது:

பழைய கதை மட்டும்தான் ஊர்ச்சனத்தின் கதை என்றில்லை. தெல்லிப்பழையில் இருக்கிற புற்றுநோய் வைத்தியசாலையும் சேர்த்து எழுதுங்கள். 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையில் இருந்து வடக்கே பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து காசு சேர்த்தார்கள். 670 கிலோமீற்றர். வழியில் சிங்களச் சனமும் முஸ்லிம் சனமும் தமிழ்ச் சனமும் கையிலிருந்ததைப் போட்டார்கள். 2013இல் திறந்தார்கள். அதற்கு முந்தி எங்கள் பெரியம்மாவைக் கொழும்புப் பக்கம் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாட்கள் எனக்குத் தெரியும். கதிர்ச் சிகிச்சைக்கு விடிய நிற்கவேண்டும், இருப்பிடம் இல்லை, மொழி இல்லை. சுவரில் சாய்ந்து நித்திரை கொண்டோம். இப்போது தெல்லிப்பழைக்குப் போய்விட்டு மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வரலாம்.

யுத்தம் முடிந்து இரண்டு வருடத்தில் தெற்கில் இருந்து எங்கள் பக்கம் நடந்து வந்த அந்தச் சனத்துக்கு நாங்கள் சரியாக நன்றி சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே சொல்லிவிடுகிறேன்.

மானிப்பாய் மேற்கு எழுதியது:

இழை தொடங்கி ஒரு கிழமை ஆகிறது. இதை எழுதுவதற்காகத்தான் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டுப் பெட்டகத்தைத் திறந்தோம். உள்ளே, பழைய உறுதிகளுக்குக் கீழே, இரண வைத்தியம். அட்டை இல்லை, முதல் சில பக்கங்களைச் செல் அரித்துவிட்டது, மற்றது நன்றாக இருக்கிறது. கத்தியை எப்படிப் பிடிப்பது, இரத்தம் ஓடும்போது எங்கே அமத்துவது என்று எல்லாம் தமிழில். எங்கள் வீட்டில் வைத்தியம் படித்தவர் ஒருவரும் இருந்ததாகப் பெரியப்பாவுக்குத் தெரியாது. யாரோ ஒருவரிடமிருந்து வந்திருக்கவேண்டும்.

கடைசியில் வெறும் தாள் இரண்டு இருக்கிறது. அதில் மையினால் எழுதிய ஒரு கணக்கு. பெயர்கள் மங்கிவிட்டன, வாசிக்க முடியவில்லை. பக்கத்தில் உள்ளது வாசிக்கலாம். கொத்து அரிசி 1. கத்தரிக்காய். ஓலை 20. கொத்து அரிசி 2. ஒரு வரியில் மட்டும் 'இல்லை' என்று எழுதி, கீழே கோடு போட்டிருக்கிறது.

பழைய ஈழத்துப் புத்தகங்களை இணையத்தில் சேர்த்து வைக்கிற நூலகம் தளத்துக்கு ஸ்கான் பண்ணக் கொடுப்பதென்று பெரியப்பாவிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிவிட்டேன். கடைசித் தாள்களையும் சேர்த்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தாதி எழுதியது:

தம்பி, செல் அரித்த பக்கங்களைத் துணியால் துடைக்கவேண்டாம், மென்மையான தூரிகையால் தட்டுங்கள். அந்த 'இல்லை' என்ற வரிக்கு நேரே தேதி இருக்கிறதா பாருங்கள்.

மானிப்பாய் மேற்கு எழுதியது:

தேதி இல்லை அக்கா. மருந்தின் பெயர் மட்டும் இருக்கிறது. கொடுத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரி வீதியான் எழுதியது:

அம்மாவின் அடுத்த கிளினிக் 14ஆம் திகதி. அந்த அம்மம்மாவுக்கும் அதே நாள்தான் போட்டிருப்பார்கள், ஒரே கொப்பி நிறம். பெடியனும் வந்தால் இந்த இழையைத் தாளில் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். மானிப்பாய்த் தம்பி, அந்தக் கணக்குத் தாளின் படம் ஒன்றை அதற்கு முன்னால் அனுப்ப முடியுமா?